18 ஷில்லிங் ஒட்டகம்

போன வாரம் முடிக்கும்போது, 'அடுத்த வாரம் ரிச்மண்ட். பாட்ரிக் ஹென்றியின் கர்ஜனை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். மனசாரத்தான் போட்டேன். 1787 டிசம்பரிலிருந்து, அமெரிக்க அரசியல் சாசனத்தை ஹென்றி எதிர்த்து நின்ற 1788 ஜூனுக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டியதுதான் பாக்கி. நடுவில் ஓர் ஒட்டகம் வந்து படுத்துக்கொண்டது.

நிஜ ஒட்டகம். ஜார்ஜ் வாஷிங்டனின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 1787 டிசம்பரில், அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒட்டகத்தை வேடிக்கை காட்ட ஓட்டிக்கொண்டு வந்த ஆளுக்கு 18 ஷில்லிங் கொடுத்ததாகப் பதிவு. அலெக்சாண்ட்ரியா என்றதும் எகிப்துக்குப் போய்விடாதீர்கள். முதல் தடவை படித்தபோது நான் போய்விட்டுத்தான் திரும்பினேன். இது வர்ஜீனியா அலெக்சாண்ட்ரியா. மவுண்ட் வெர்னான் பண்ணை வீட்டிலிருந்து சுமார் 9 மைல். கிறிஸ்துமஸ் சமயம், வீடு நிறைய விருந்தாளிகள், மனைவி மார்த்தாவின் பேத்தி நெல்லிக்கு 8 வயது, பேரன் வாஷுக்கு 6. பொட்டோமாக் ஆற்றங்கரைக் குளிரில் ஒட்டகம் நின்றிருக்கிறது.

ஃபிலடெல்ஃபியா மாநாட்டைப் பற்றி வாரக்கணக்கில் எழுதியாகிவிட்டது, அதனால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் நிலவரம் இவ்வளவுதான்: 13 மாநிலங்களில் 9 ஒப்புக்கொண்டால் அரசியல் சாசனம் செல்லும். 7ஆம் தேதி டெலவேர், 12ஆம் தேதி பென்சில்வேனியா, 18ஆம் தேதி நியூஜெர்சி. மூன்று வந்தாயிற்று. வர்ஜீனியா வருமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியின் மேல் உட்கார்ந்துகொண்டு வீட்டுத்தலைவர் ஒட்டகம் பார்த்திருக்கிறார். யார்க்டவுனில் இவரிடம் தோற்ற கார்ன்வாலிஸ் பிரபு அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல். தோற்றவருக்கு இந்தியா, ஜெயித்தவருக்கு ஒட்டகம்.

மவுண்ட் வெர்னானின் கிறிஸ்துமஸ் என்றால் புத்தகங்கள் எல்லாம் 1783ஐத்தான் சொல்லும். அதுவும் சொல்லத் தகுந்ததுதான். 1775 மே மாதம் வீட்டை விட்டுக் கிளம்பியவர். எட்டு வருடத்துக்கு மேல் சுதந்திரப் போர். இடையில் யார்க்டவுன் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்ததோடு சரி. 1776இல் கிறிஸ்துமஸ் ராத்திரி சுமார் 2,400 பேரோடு பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்தார். 1777இல் வேலி ஃபோர்ஜ் முகாமில், செருப்பில்லாத சிப்பாய்களோடு இருந்தார். 1783 டிசம்பர் 23ஆம் தேதி அன்னாபொலிஸில் காங்கிரஸ் முன்னால் நின்று தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை வீட்டு வாசலில் இறங்கினார். கையில் படை, எதிரில் பலமில்லாத காங்கிரஸ், சம்பளம் வராத கோபத்தில் சிப்பாய்கள். வேறு யாராக இருந்தாலும் கிரீடத்துக்கு அளவெடுத்திருப்பார்கள். இவர் குதிரையேறி வீட்டுக்குப் போனார். இந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் பெரிய மனிதர் என்பேன். நெப்போலியன் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் 1787தான் சுவாரசியம். 1783 மேடைக் காட்சி. 1787 கணக்குப் புத்தகம்.

வீட்டையே பாருங்கள். பிரமாதமான கல் மாளிகை போலத் தெரியும். கிட்டப் போய்த் தட்டினால் மரம். பைன் பலகைகளைக் கல்லுக் கல்லாக விளிம்பு சீவி, மேலே வண்ணம் பூசி, அது காய்வதற்குள் மணலைத் தூவியிருக்கிறார்கள். கூரை உச்சியில் காற்றுத் திசை காட்ட ஒரு புறா, வாயில் ஆலிவ் கிளை. ஃபிலடெல்ஃபியாவில் சாசனம் எழுதிக்கொண்டிருந்த அதே 1787 கோடையில், அந்த ஊர்க் கைவினைஞர் ஒருவரிடம் வாஷிங்டனே சொல்லிச் செய்வித்த சமாதானப் புறா. ஒட்டகம் வந்தபோது புறாவுக்கு அது முதல் கிறிஸ்துமஸ்.

கிறிஸ்துமஸ் என்றதும் நட்சத்திரம், மரம், தாத்தா என்று கற்பனை செய்யாதீர்கள். அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மரமும் கிடையாது, சிவப்புச் சட்டைத் தாத்தாவும் கிடையாது. இரண்டும் அமெரிக்காவில் பரவியது அடுத்த நூற்றாண்டில். வடக்கே மாசசூசெட்ஸில், பண்டிகை கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659இல் சட்டமே போட்டு, 1681 வரை வைத்திருந்தார்கள். அந்தப் பியூரிட்டன் சாமியார்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. தெற்கே வர்ஜீனியா ஆங்கிலிக்கன் நாடு. கோயிலுக்குப் போவது, நரி வேட்டை, துப்பாக்கி வெடிப்பது, சாப்பாடு. டிசம்பர் 25க்கு அப்புறம் ஜனவரி 6 வரை 12 நாள். அந்தக் கடைசி நாள் இந்த வீட்டுக்குக் கூடுதல் விசேஷம்: 1759 ஜனவரி 6ஆம் தேதிதான் ஜார்ஜ் - மார்த்தா கல்யாணம்.

சாப்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். முந்தின வருடக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 1786 டிசம்பர் 26ஆம் தேதி, வாஷிங்டன் தன் பழைய உதவியாளர் டேவிட் ஹம்ஃப்ரீஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் விவசாயிகள் கலகம், மாநாட்டுக்குப் போவதா வேண்டாமா என்ற குழப்பம் எல்லாம் அதில் உண்டு. நடுவில் ஒரு வருத்தம்: கிறிஸ்துமஸ் பையைத் தாக்க நீ இங்கே இல்லையே, நேற்று ஒன்று செய்தார்கள், கூட்டம் நிறைய இருந்தும் அதில் ஒரு பள்ளம்கூடப் பறிக்க முடியவில்லை என்கிறார். படைத்தளபதி பாஷையிலேயே சாப்பாட்டைப் பேசுகிறார். 'பை' என்றால் பலகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மார்த்தாவிடம் இருந்த ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தில் ஒரு கிறிஸ்துமஸ் பை உண்டு: புறாவைக் கவுதாரிக்குள், கவுதாரியைக் கோழிக்குள், கோழியை வாத்துக்குள், வாத்தை வான்கோழிக்குள் வைத்து, மொத்தத்தையும் கோட்டைச் சுவர் மாதிரி மாவு ஓட்டுக்குள் அடைத்துச் சுடுவது. தளபதிக்குத் தாக்குதல் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை.

டிசம்பர் வந்தால் பன்றி வெட்டும் காலம். ஒவ்வொன்றின் எடையையும் எழுதி வைக்கும் மனிதர் இவர். உப்புப் போட்டு, புகைக்கொட்டடியில் தொங்கவிட்டுப் புகை போட்ட தொடைக்கறி மார்த்தாவின் கௌரவம். 1786இல் பிரான்சில் இருந்த போர்த்தோழர் லாஃபயெத்துக்கே ஒரு பீப்பாய் அனுப்பினார்கள். லாஃபயெத் அதற்கு முந்தின வருடம் அனுப்பியவை வேட்டை நாய்கள். அதில் ஒன்றின் பெயர் வல்கன். ஒருநாள் விருந்தாளிகள் காத்திருக்க, மேஜையின் தலைமாட்டில் இருக்க வேண்டிய தொடைக்கறியைக் காணோம். வல்கன் சமையற்கட்டிலிருந்து கவ்விக்கொண்டு நாய்ப்பட்டிக்கு ஓடிவிட்டது. மார்த்தாவுக்குக் கோபம், ஜெனரலுக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஒட்டகம் பார்த்த அந்தப் பேரன் வாஷ்தான் பெரியவனானபின் இதை எழுதி வைத்தார்.

அடுத்தது கேக். மார்த்தாவின் குறிப்பைப் பேத்தி ஒருத்தி பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். முட்டை 40. வெண்ணெய் 4 பவுண்டு, சர்க்கரை 4 பவுண்டு, மாவு 5 பவுண்டு, பழம் 5 பவுண்டு, ஒயின், பிரெஞ்சு பிராந்தி, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. வெந்து முடிய மணிக்கணக்கில் ஆகும்.

40 முட்டை. வெள்ளைக்கரு தனியாக, மஞ்சள்கரு தனியாக. மின்சாரம் கிடையாது. வெள்ளைக்கருவை நுரை தட்டும் வரை கையால் அடிக்க வேண்டும். அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு முட்டைக்கே மணிக்கட்டு விட்டுப்போகும். குறிப்பை எழுதிய கை மார்த்தாவுடையதாகவோ பேத்தியுடையதாகவோ இருக்கலாம். அடித்த கை யாருடையது?

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பாட்ரிக் ஹென்றி மன்னிக்க வேண்டும்.

மவுண்ட் வெர்னானை வெறும் வீடு என்று நினைக்கக் கூடாது. ஐந்து பண்ணைகள் சேர்ந்த எஸ்டேட் அது. புகையிலையை விட்டு 1760களிலேயே கோதுமைக்கு மாறிய, மாவு மில் வைத்திருந்த, ஸ்பெயின் ராஜா அனுப்பிய ஆண் கழுதையை 1785 டிசம்பரில் வரவேற்றுக் கோவேறு கழுதை உற்பத்தி தொடங்கிய தொழில். அதை நடத்தியது அடிமைகள். 1786 பிப்ரவரியில் வாஷிங்டன் தன் கையாலேயே எடுத்த கணக்கில் 216 பேர். அதில் மாளிகைச் சமையல்காரர்கள் என்று இரண்டு பெயர்: ஹெர்குலிஸ், நேத்தன்.

ஹெர்குலிஸைப் பற்றி முதலில் படித்தபோது நான் அத்தியாயத்தை எழுதாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். உதவி ஆசிரியரிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மாளிகைக்குப் பக்கத்தில் தனிக் கட்டடமாகச் சமையற்கட்டு. விடிவதற்கு முன் அடுப்பு மூட்ட வேண்டும். 7 மணிக்கு ஜெனரலுக்கு மக்காச்சோள அடை, வெண்ணெயும் தேனும் சொட்டச் சொட்ட. 3 மணிக்குப் பெரிய சாப்பாடு. பண்டிகை வந்தால் பை, தொடைக்கறி, 40 முட்டை. பண்ணை ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் மூன்று நாலு நாள் விடுப்பு. வருடத்தின் நீளமான லீவு அதுதான். ஒரு பண்ணையில் புருஷன், இன்னொரு பண்ணையில் பெண்டாட்டி பிள்ளைகள் என்று வாழ்ந்தவர்கள், வழக்கமாக ஞாயிறு மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள், சேர்ந்தாற்போலச் சில நாள் ஒரே கூரையில் இருக்கும் நேரம். குடிசைக்குப் பின்னால் கோழி வளர்த்து, முட்டையை அந்த மாளிகைக்கே விற்றவர்களும் அவர்களில் உண்டு. கங்காணியின் குரல் கேட்காத நாட்கள். ஆனால் சமையற்கட்டுக்கு விடுப்பு ஏது? ஊருக்குப் பண்டிகை வந்தால் அடுப்படிக்கு வேலை இரட்டிப்பு.

இப்போது கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். அதே 1787. ஏப்ரல் 23ஆம் தேதி பிலிப் பேட்டர் என்ற தோட்டக்காரரோடு வாஷிங்டன் ஓர் ஒப்பந்தம் போடுகிறார். வெள்ளைக்காரர், சம்பளக்காரர், குடிகாரர். வருடம் முழுக்க ஒழுங்காக இருப்பதாக அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கிறிஸ்துமஸுக்கு 4 டாலர், அதை வைத்து நாலு பகலும் நாலு இரவும் குடித்துக் கிடக்கலாம். ஈஸ்டருக்கு 2 டாலர், பெந்தெகொஸ்தேவுக்கு 2 டாலர், தலா இரண்டிரண்டு நாள். தினமும் காலையில் ஒரு மடக்கு, மத்தியானம் ஒரு குவளை. எல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு. ஒரு மனிதனின் போதையை நாள் கணக்கில் அளந்து பத்திரம் போட்ட முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்றைய வர்ஜீனியாவில் 6 ஷில்லிங் ஒரு டாலர். ஆக, ஒட்டகத்துக்கு 3 டாலர், தோட்டக்காரர் கிறிஸ்துமஸுக்குக் குடிக்க 4 டாலர்.

அதே வருடக் கணக்கில் மூன்றாவதாக ஒரு பதிவு. ஹெர்குலிஸின் மனைவி பெயர் அலைஸ். தையல்காரி. கால் ஊனமானதால் பண்ணையில் 'நொண்டி அலைஸ்' என்றுதான் பெயர். 1787இல் அவள் இறந்துபோனாள். மனைவியைப் புதைக்க ஹெர்குலிஸுக்கு ரம் 3 புட்டி கொடுத்ததாக எழுதியிருக்கிறது.

மூன்று புட்டி ரம். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

வாஷிங்டனை வில்லனாக்க இதை நான் சொல்லவில்லை. கொடுக்காமலும் இருந்திருக்கலாம், கொடுத்தார். கொடுத்ததை எழுதினார். அவர் எழுதி வைத்ததால்தான் அலைஸ் செத்த சேதி நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்த டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஒட்டகக்காரன் வருகிறான். தோட்டக்காரர் தன் நாலு நாள் பாத்தியதையைத் தொடங்குகிறார். மாளிகையில் சாசனத்தைப் பற்றிப் பேச்சு. அந்தச் சாசனத்தில், ஆள்கணக்கு எடுக்கும்போது அடிமை ஐந்தில் மூன்று பங்கு மனிதன். 1808க்கு முன் அடிமை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது. தப்பி ஓடினால் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். சமையற்கட்டில் மனைவியை இழந்தவன் முட்டை உடைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் அலைஸுக்கும் பிள்ளைகள் மூவர்: ரிச்மண்ட், ஈவி, டெலியா.

ஹெர்குலிஸின் கதை இன்னும் பத்து வருடம் தள்ளித்தான் முடிகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் கிடைக்காது. 1790இல் ஜனாதிபதி வாஷிங்டன் அவனை ஃபிலடெல்ஃபியா சமையலுக்கு அழைத்துப் போனார். எடுபிடியாக மகன் ரிச்மண்டையும் கூட்டிக்கொள்ள அனுமதி வாங்கினான் ஹெர்குலிஸ். மிச்சம் மீதியை விற்றுக்கொள்ளும் உரிமையும் இருந்தது. அதில் வருடத்துக்கு 100, 200 டாலர் வந்ததாம். பேரன் வாஷ் எழுதுகிறார்: மாலையில் வேலை முடிந்ததும் வெல்வெட் காலர் வைத்த நீலக் கோட்டு, பளபளக்கும் பொத்தான்கள், நீளமான கடிகாரச் சங்கிலி, தங்கப்பூண் கைத்தடியோடு ஜனாதிபதி வீட்டு முன்வாசல் வழியாக இறங்கிக் கடைத்தெருவில் நடந்து போவானாம். அந்தத் தெருவில் நானும் நின்று பார்த்திருக்க ஆசை.

பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் இருந்தது. வெளியூர்க்காரரின் அடிமை அங்கே சேர்ந்தாற்போல ஆறு மாதம் தங்கினால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் நிறைவதற்குள் ஆட்களை வர்ஜீனியாவுக்கு ஒரு நடை அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆட்களுக்கும் ஊருக்கும் காரணம் தெரியாதபடி செய்ய வேண்டும் என்று 1791இல் தன் காரியதரிசிக்குக் கடிதம் எழுதியவர் வாஷிங்டன்தான். அன்னாபொலிஸில் பதவியைத் திருப்பிக் கொடுத்த அதே கை. அவரைப் பெரிய மனிதர் என்று மேலே எழுதியதை அழிக்கவில்லை. பக்கத்தில் இதையும் எழுதுகிறேன்.

1796 கடைசியில் ரிச்மண்ட் பணம் திருடியதாகப் பிடிபட்டான். அப்பனும் மகனும் தப்பி ஓடத் திட்டம் போடுகிறார்களோ என்று வாஷிங்டனுக்குச் சந்தேகம். அமெரிக்காவின் பேர்பெற்ற சமையல்காரன் அந்தக் குளிர்காலத்தில் மவுண்ட் வெர்னானில் செங்கலுக்குக் களிமண் வெட்டினான், எரு அள்ளினான். 1797 பிப்ரவரி 22ஆம் தேதி ஹெர்குலிஸைக் காணோம். வாஷிங்டனின் 65வது பிறந்தநாள். ஊரெல்லாம் விருந்தும் நடனமுமாக இருந்த நாளைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறான். பண்டிகை நாளில் வீட்டில் யார் எங்கே இருப்பார்கள் என்று சமையல்காரனுக்குத் தெரியாதா?

அந்த ஏப்ரலில், பின்னாளில் பிரெஞ்சு மன்னரான லூயி ஃபிலிப் விருந்தாளியாக வந்தார். அப்பாவை இனிப் பார்க்க முடியாதே, வருத்தமாக இல்லையா என்று, அலைஸ் இறந்த பிறகு பிறந்த, ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம் கேட்டார்கள். ரொம்பச் சந்தோஷம், இப்போது அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டதே என்றாளாம் குழந்தை.

வாஷிங்டன் தன் உயிலில் தன்னுடைய 123 அடிமைகளுக்கு விடுதலை எழுதினார். மார்த்தா அதை 1801 ஜனவரி 1ஆம் தேதியே அமலாக்கினாள். கிறிஸ்துமஸின் அந்த 12 நாளுக்குள் வரும் தேதி. ஓடிப்போன ஹெர்குலிஸும் அன்று சட்டப்படி சுதந்திர மனிதன். அவன் 1812இல் நியூயார்க்கில் இறந்தான் என்பதே சமீப வருடங்களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அலைஸ் மார்த்தாவின் முதல் புருஷன் குடும்பச் சொத்து. தாய் யாருடைய சொத்தோ பிள்ளையும் அவர்கள் சொத்து என்பது சட்டம். உயிலின் விடுதலை அலைஸின் பிள்ளைகளைத் தொடவில்லை. மார்த்தா இறந்ததும் அப்படிப்பட்டவர்களைப் பேரப்பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒட்டகம் பார்த்த நெல்லியும் வாஷும் அந்தப் பங்குதாரர்கள்.

மவுண்ட் வெர்னானில் இப்போதும் கிறிஸ்துமஸுக்கு ஒட்டகம் நிற்கிறது. 2008இலிருந்து வழக்கம். அலாதீன் என்று பெயர் வைத்த ஒட்டகம் அங்கே ரொம்பப் பிரபலம். குழந்தைகள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அங்கே போக நேர்ந்தால் ஒட்டகத்தைப் பார்த்துவிட்டுச் சமையற்கட்டுக்குத்தான் போவேன்.

பக்கம் முடிந்துவிட்டது. உதவி ஆசிரியர் இரண்டாம் முறை கூப்பிடுகிறார். இந்த வாரம் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. திருப்புமுனையை இரண்டு வரியில் சொல்லி வைக்கிறேன்: 1788 ஜூனில் ஹென்றி முழங்கினார், சாசனத்தை ஆதரித்து மாடிசன் முணுமுணுத்தார், 89க்கு 79 என்று முணுமுணுப்பு ஜெயித்தது. எப்படி என்பதை அடுத்த வாரம் ரிச்மண்டில் பார்க்கலாம்.

ஊரைச் சொல்கிறேன். பையனை யாரும் இதுவரை கேட்கவில்லை.

(தொடரும்)